2008 ஆல்டோ: ஷாக், ஸ்ட்ரட் மவுண்டிங், இன்ஜின் மவுண்டிங் மூன்றையும் வீட்டிலேயே மாற்றலாமா?

ஆல்டோ_எட்டு:

வணக்கம். வண்டி 2008 மாருதி ஆல்டோ எல்எக்ஸ்ஐ, 796 சிசி, 98,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இதுவரை ஷாக் அப்சார்பர், மவுண்டிங் (ரப்பர் தாங்கி) எதுவும் மாற்றியதில்லை. இப்போது இருக்கும் குறைகள்:

முன் இடது பக்கம் சின்னப் பள்ளத்தில் ‘கட கட’ சத்தம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் சத்தம் இல்லை. வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் விடுபடுவது போல ஒரு ஒலி. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடுகிறது. ஏசி போட்டு சிக்னலில் நின்றால் டேஷ்போர்டு வரை அதிர்வு. முதல் கியரில் கிளட்ச் விடும்போது ‘டக்’ என்று ஒரு தட்டு.

ஹைட்ராலிக் ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு, பாக்ஸ் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச் இருக்கின்றன. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லை. தரை சிமெண்ட், சமதளம். எதையெல்லாம் வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எதை வெளியே கொடுக்க வேண்டும் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

கொங்கு_ஸ்பேனர்:

வாங்கும் முன் எது போயிருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். நீங்கள் சொன்ன ஐந்து குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல.

ஸ்டியரிங் திருப்பும்போது வரும் ‘டொய்ங்’ ஏறக்குறைய நிச்சயமாக ஸ்ட்ரட்டின் (முன்சக்கரத்தின் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் பேரிங். பேரிங் இறுகினால் ஸ்டியரிங்கோடு ஸ்பிரிங் சுழலாமல் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் துள்ளி விடுபடும். ஒருவரை ஸ்டியரிங் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துப் பாருங்கள், சுருள்களுக்கு இடையே விரலை விடாதீர்கள். ஒரே சீராகச் சுழன்றால் பேரிங் நல்லது. நின்று நின்று துள்ளினால் போய்விட்டது.

சின்னப் பள்ளத்தில் மட்டும் ‘கட கட’ என்றால் ஷாக்கை உடனே குற்றம் சொல்லாதீர்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) பால் ஜாயிண்ட், ஆர்ம் புஷ் (அந்தக் கையின் ரப்பர்), டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை) மூன்றும் அதே சத்தம் தரும். முன்சக்கரம் தூக்கிய நிலையில் டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் இருந்தால் டை ராட் எண்ட். ஆர்ம் புஷ்ஷை ஒரு நீளமான கம்பியால் நெம்பிப் பார்த்தால் ரப்பர் கிழிந்திருப்பது தெரியும். இவையெல்லாம் சரியாக இருந்தால் ஸ்ட்ரட் மவுண்டிங் ரப்பர்தான் மீதி.

ஷாக் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதன் மேல் தூசி என்றால் கவலை வேண்டாம். பாதி உயரத்துக்கு ஈரம் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. டயரைத் தடவினால் மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தாலும் ஷாக் வேலை செய்யவில்லை என்று பொருள். உங்கள் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்பதே போதுமான சாட்சி.

இன்ஜின் மவுண்டிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இது மூன்று சிலிண்டர் இன்ஜின். நல்ல மவுண்டிங்கோடும் கொஞ்சம் அதிரும். ஸ்பார்க் பிளக் பழசானாலும், த்ராட்டில் பாடியில் கரி படிந்து ஐடிலிங் இறங்கினாலும் ஏசி போட்டதும் டேஷ்போர்டு ஆடும். பிளக்கையும் த்ராட்டில் பாடியையும் முதலில் கவனித்துவிட்டுப் பிறகு மவுண்டிங்குக்கு வாருங்கள்.

மவுண்டிங் சோதனை இப்படி: பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்து, முதல் கியரில் கிளட்சை ‘பிடிக்கும்’ இடம் வரை மட்டும் விடச் சொல்லுங்கள். பிறகு ரிவர்ஸில் அதே. நீங்கள் பக்கவாட்டில் நிற்க வேண்டும், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் கொஞ்சம் சாய்வது இயல்பு. ‘டக்’ ஒலியோடு எழும்பி விழுந்தால் ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்துவிட்டது. நீங்கள் சொல்லும் முதல் கியர் தட்டு இதோடு பொருந்துகிறது. பின் மவுண்டிங்கை முதலில் பாருங்கள், இன்ஜினின் முன்பின் முறுக்கைத் தாங்குவது அதுதான்.

டேப்பட் கவரிலிருந்து எண்ணெய் கசிந்து மவுண்டிங் மேல் இறங்குகிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும். கசிவை அடைக்காமல் புது மவுண்டிங் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

வைகை_கேரேஜ்:

வாங்க வேண்டியவை. முன் ஸ்ட்ரட் 2, ஸ்ட்ரட் மவுண்டிங் 2, பேரிங் 2, பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் 2 செட், மேல் நைலாக் நட் (தானாகத் தளராத நட்) 2 (புது ஸ்ட்ரட்டோடு வரும், வராவிட்டால் தனியாக). பின் ஷாக் 2, அதன் புஷ்களும் வாஷர்களும். இன்ஜின் மவுண்டிங் இடது, வலது, பின் என 3.

இடது மட்டும் கெட்டிருந்தாலும் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறு பக்கம் 98,000 கி.மீ. ஓடியதுமாக இருந்தால் பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் இரு பக்கமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஸ்ட்ரட்டை இறக்கியபின் மவுண்டிங்கையும் பேரிங்கையும் பழசாகவே விடுவது வீண் சிக்கனம். வேலை முழுக்க ஒன்றுதான், ஆறு மாதம் கழித்து அதே ஸ்பிரிங்கை மறுபடி அழுத்த வேண்டியிருக்கும்.

கேப்ரியல் பிராண்ட் அல்லது மாருதி ஜெனுவின் எடுக்கலாம். பார்ட் எண்ணை உங்கள் வண்டியின் சேஸிஸ் எண் கொடுத்துச் சரிபாருங்கள். ஆல்டோவும் ஆல்டோ கே10-ம் ஒன்றல்ல. சென்னையில் இருந்தால் ஜி.பி. ரோட்டில் எல்லாம் புதிதாகக் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஃபெண்டர், கதவு எடுங்கள், ரப்பர் சாமான் எடுக்காதீர்கள். ரப்பருக்கு ஓட்டம் மட்டும் கணக்கல்ல, வயதும் கணக்கு.

ரோடு_ராஜா77:

பின்பக்கம் ஆடுவதற்கு ஸ்பிரிங் நடுவில் செருகும் ரப்பர் பஃபர் போடலாமே? ஷாக் மாற்றும் செலவு மிச்சமாகும்.

வைகை_கேரேஜ்:

வேண்டாம் நண்பரே. பஃபர் ஸ்பிரிங்கின் சில சுருள்களை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, அதனால் ஸ்பிரிங் இறுகி வண்டி கொஞ்சம் உயரும். அவ்வளவுதான். ஆட்டத்தை அடக்குவது ஷாக்கின் வேலை. தேய்ந்த ஷாக்கோடு இன்னும் இறுகிய ஸ்பிரிங்கைச் சேர்த்தால் மேலே எகிறும் வேகம்தான் கூடும். ஈரச் சாலையில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் கூடுவது நல்லதல்ல.

பழைய_இரும்பு:

செய்முறையை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகும்.

முதல் வேலை, எதையும் தூக்கும் முன், வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். இது எதற்கு என்று பின் ஷாக் வரும்போது சொல்கிறேன். இந்த அளவு இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, பின்டயருக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கம் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கால் பயன் இல்லை, முதல் கியரில் போட்டு முன்டயருக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் சுமை தாங்கிக்கொண்டே இருந்து எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். ஒருபோதும் வைக்க வேண்டாம்.

முன் ஸ்ட்ரட்: போல்ட்டுகள் மேல் முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். துரு படிந்த மரை மேல் நட்டை இழுத்தால் மரை உரிந்துவிடும்.

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ஸ்ட்ரட்டின் நடு நட்டையும் கால் சுற்று, கால் சுற்று மட்டும், தளர்த்தலாம். வண்டிக்குள் இருக்கும்போது அதைக் கழற்றினால் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் மவுண்டிங்கைத் தூக்கி எறியும்.

தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டில் இருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப்பை எடுத்து ஹோஸை விடுவியுங்கள். நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பெயிண்டால் கோடு போடுங்கள். ஓட்டையில் கொஞ்சம் இடைவெளி உண்டு, நக்கிள் எந்தப் பக்கம் ஒட்டி நின்றதோ அதே பக்கம் திரும்ப நிற்க வேண்டும், இல்லையென்றால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும். போல்ட் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள்.

போல்ட்டை உருவும் முன் நக்கிளை ஒரு கயிற்றாலோ கம்பியாலோ கட்டிவிடுங்கள். அவிழ்ந்ததும் அது வெளிப்பக்கம் சாயும். அப்போது டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இழுபட்டு உள் ஜாயிண்ட் பிரிந்தால் கிரீஸ் பூட் கிழியும், ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும். பிரேக் ஹோஸிலும் எடை தொங்கக் கூடாது. கடைசியாக பானெட்டுக்குள் மேல் மவுண்டிங் நட்டுகள். கடைசி நட்டை எடுக்கும்போது கீழே ஒரு கை ஸ்ட்ரட்டைத் தாங்கியிருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை அழுத்துவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான இடம். உங்களிடம் கம்ப்ரஸர் இல்லை என்கிறீர்கள். நேர்மையான யோசனை: கழற்றிய இரண்டு ஸ்ட்ரட்டையும் புதுச் சாமான்களோடு தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய், பழைய ஸ்பிரிங்கைப் புது ஸ்ட்ரட்டில் மாட்டித் தரச் சொல்லுங்கள். நல்ல கம்ப்ரஸர் இருந்தால் கால் மணி நேர வேலை அவர்களுக்கு.

வீட்டிலேயேதான் என்றால், கொக்கிகளுக்குப் பூட்டுப் பின் உள்ள கம்ப்ரஸர் ஜோடி மட்டும். இரண்டையும் நேர் எதிரெதிரே மாட்டி, மரைக்கு கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக ஒரு சுற்று, மாறி மாறி. ஒன்று முந்தினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். நட் திருகும் கன் மெஷின் போட்டுத் திருகாதீர்கள். ஸ்ட்ரட்டின் இரு முனையும் யார் பக்கமும் பார்க்கக் கூடாது. மேல் சீட்டில் ஸ்பிரிங் லேசாக ஆடும் அளவு தளர்ந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் அழுத்துவதில் ஒரு நன்மையும் இல்லை.

நடு நட்டுக்கு ரிங் ஸ்பேனர், தண்டு சுழலாமல் இருக்க அதன் உச்சியில் ஆலன் கீ அல்லது தட்டைப் பகுதியில் சின்ன ஸ்பேனர். பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயராலோ பைப் ரெஞ்சாலோ பிடித்தால் அந்த ஒரு கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். புது ஸ்ட்ரட் சில வாரங்களில் ஒழுகும்போது பலரும் கம்பெனியைத் திட்டுவார்கள், காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

புது ஸ்ட்ரட்டை நேராக நிறுத்தி, தண்டை முழுக்க இழுத்து முழுக்க அழுத்தி ஐந்து முறை செய்யுங்கள். படுக்க வைத்திருந்ததில் உள்ளே கலந்த காற்று அப்போதுதான் மேலே போகும். இடையில் வெறுமையாக விட்டுப் பிடிப்பது நின்று, இழுவை சீரான பிறகே மாட்ட வேண்டும். பிறகு பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், ஸ்பிரிங், ரப்பர் இருக்கை, மேல் சீட், பேரிங், மவுண்டிங். பழையதைப் பிரிக்கும்போதே வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கைத் தலைகீழாக மாட்டினால் அதே ‘டொய்ங்’ முதல் நாளே திரும்ப வரும். ஸ்பிரிங்கின் வெட்டு முனை கீழ்த் தட்டில் உள்ள படியில் போய் முட்ட வேண்டும். இரண்டு மூன்று விரல் தள்ளி நின்றால் ஸ்பிரிங் சுழன்று ‘டக்’ அடிக்கும்.

மாட்டும்போது மேல் நட்டுகளை முதலில் கையால், பிறகு நக்கிள் போல்ட், கோட்டைப் பார்த்து. வீல் நட் 85 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்கு ஆல்டோ சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி. பொதுவான அளவு தெரிந்துகொள்ள: 8.8 தர (தலையில் உள்ள எண்) எம்10 (10 மி.மீ.) போல்ட்டுக்கு 45 முதல் 50, எம்12-க்கு 80 முதல் 90. சின்ன எம்8 நட்டில் 25-க்கு மேல் போனால் மரை போகும்.

பழைய_இரும்பு:

இனி பின் ஷாக். ஆல்டோவில் பின்னால் ரிஜிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அதனால் கம்ப்ரஸர் தேவையே இல்லை, முன்பக்கத்தை விட எளிது. ஆனால் ஒரு விஷயம்: ஆக்ஸில் எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டிப் பிடித்திருப்பதே ஷாக்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்ஸில் தொங்கி, ஸ்பிரிங் கழன்று விழும், பிரேக் ஹோஸில் முழு எடையும் ஏறும். வண்டியின் உடம்பை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து லேசாகத் தாங்கிக்கொண்டு, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஷாக்கின் மேல் முனையில் தண்டு வந்தால் இரண்டு நட் இருக்கும், ஒன்றை ஒன்று பூட்டுவதற்கு. ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கி, இரண்டாவது நட்டால் பூட்டுங்கள். தட்டையாக நசுங்கும் வரை இறுக்கினால் ரப்பர் போட்டதன் பலன் இல்லை.

இப்போது அந்த டேப் அளவு. ஷாக்கின் கீழ்க் கண்ணில் (போல்ட் போகும் வளையம்) ரப்பர் புஷ் இருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்குழாய் பிடிபட்டுவிடும், அதன்பின் அசைவெல்லாம் ரப்பரின் முறுக்கில்தான். ஆக்ஸில் தொங்கிய நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சீக்கிரம் கிழியும். வண்டி கொஞ்சம் உயர்ந்தும் தெரியும். எனவே போல்ட்டைக் கையால் மட்டும் போட்டு, ஜாக்கியால் ஆக்ஸிலை, முன்பே எழுதிய அளவு வரும்வரை உயர்த்தி, அப்போது டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். உடம்பு ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். அப்படியானால் பின்சக்கரங்களை மாட்டி, இரண்டுக்கும் அடியில் அகலமான, ஒரே உயரமுள்ள பலகைகள் வைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது கீழே எட்டி இறுக்கலாம். லோயர் ஆர்ம் புஷ்ஷை எப்போதாவது மாற்றினாலும் இதே விதிதான்.

கொங்கு_ஸ்பேனர்:

இன்ஜின் மவுண்டிங் பற்றி நான் எழுதுகிறேன். மூன்றையும் சேர்த்துக் கழற்றாதீர்கள், ஒன்று முடிந்தபின் அடுத்தது. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும்.

சம்ப்புக்கு (இன்ஜின் எண்ணெய்த் தொட்டி) அடியில் ஜாக்கியை நேரடியாக வைத்தால் தகடு உள்ளே நசுங்கும். நசுங்கிய தகடு எண்ணெய் உறிஞ்சும் வலைக்கு அருகே போனால் ஆயில் பிரஷர் பாதிக்கும். அகலமான பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து எடையைப் பரப்புங்கள். கியர் பாக்ஸ் பக்க மவுண்டிங்குக்கு கியர் பாக்ஸ் அடியில் தாங்கலாம். தூக்குவது சில மில்லிமீட்டர் போதும்: போல்ட் கையால் திரும்பும் அளவு. அதற்கு மேல் போனால் ரேடியேட்டர் ஹோஸ், சைலன்சர் இணைப்பு, வயர்கள் இழுபடும். அவற்றைப் பார்த்துக்கொண்டே தூக்குங்கள்.

புதியதைப் பழையதன் அருகில் வைத்து ஓட்டை இடைவெளியும் உயரமும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். போல்ட் சேராவிட்டால் ஸ்பேனரால் இழுத்துச் சேர்க்காதீர்கள், ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் தானாக நேராகும். மூன்றும் மாட்டியபின் எல்லாப் போல்ட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, ஜாக்கியை முழுக்க இறக்கி, இன்ஜினை இரு கையாலும் முன்பின் நாலைந்து முறை ஆட்டிவிடுங்கள். அது தன் இயல்பான இடத்தில் உட்காரும். முதலில் பக்க மவுண்டிங் இரண்டையும், கடைசியில் பின் மவுண்டிங்கையும் இறுக்குங்கள். இதைத் தவிர்த்தால் புது ரப்பர் ஒரு பக்கம் இழுபட்டே நிற்கும், ‘புதுசு போட்டும் அதிர்வு கூடிவிட்டது’ என்ற புகார் அங்கிருந்துதான் வரும். சரியாகப் போட்டாலும், புது ரப்பர் பழையதை விடக் கொஞ்சம் விறைப்பு என்பதால் முதல் சில நூறு கி.மீ. சிறிது அதிர்வு இருக்கும். ஆனால் கிளட்ச் விடும்போது வரும் தட்டு முதல் நாளே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டும்.

ஆல்டோ_எட்டு:

மிக்க நன்றி. ஸ்ட்ரட்டைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். நக்கிள் போல்ட் அசையவே இல்லையென்றால் என்ன செய்வது? எல்லாம் முடிந்தபின் வீல் அலைன்மென்ட் அவசியமா?

பழைய_இரும்பு:

நட் கழன்று போல்ட் மட்டும் சிக்கினால், நட்டை மரை முனையோடு சமமாக வரும்வரை திரும்ப மாட்டி, பித்தளைத் துண்டு அல்லது கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். வெறும் போல்ட் முனையில் அடித்தால் அது காளான் போல விரிந்து ஓட்டையில் வராது. நட்டே அசையாவிட்டால் ஆறு மூலை சாக்கெட் மட்டும் போடுங்கள், பன்னிரண்டு மூலை சாக்கெட் தலையை உருட்டிவிடும். நீளமான பைப்பில் ஒரே இழுப்பு வேண்டாம், இறுக்கும் பக்கம் கொஞ்சம், தளர்த்தும் பக்கம் கொஞ்சம். நெருப்பு வைக்காதீர்கள், பக்கத்தில் பிரேக் ஹோஸும் ரப்பர் பூட்டும் இருக்கின்றன. தலை உருண்ட போல்ட்டைத் திரும்பப் போடாமல், தலையில் அதே தர எண் உள்ள புதியதைப் போடுங்கள்.

அலைன்மென்ட் கட்டாயம். கோடு எவ்வளவு சரியாகச் சேர்ந்தாலும் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருக்கும். அதற்கு முன் 50 கி.மீ. நிதானமாக ஓட்டி ரப்பர் உட்கார விடுங்கள். அதே நேரம் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள், டயர் காற்றையும் சரி செய்துவிட்டுப் போங்கள். முதல் முறை வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் எங்காவது டயரில் உரசுகிறதா, இழுபடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் தெருவுக்கு எடுக்க வேண்டும்.